நான்கு நிமிடங்களுக்கு வெளியே: செட்டிநாட்டு உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரங்களில் பள்ளிப் பிள்ளைகளை ஓடவைக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் வணக்கம். உங்களில் ஒருத்தியாகவே எழுதுகிறேன்.

இந்த ஆண்டுக் குறுவட்டப் போட்டியில், 100 மீட்டர் இறுதிச் சுற்றின்போது தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நான்காம் தடத்தில் ஒல்லியான ஒரு சிறுமி. எட்டாம் வகுப்பு. தகுதிச் சுற்றில் மற்றவர்களைவிட மூன்று எட்டு முன்னால் வந்தவள். 'செட்' என்ற சொல்லுக்கும் துப்பாக்கி ஒலிக்கும் இடையே யாரோ கூட்டத்தில் கை தட்டினார்கள். அவள் கிளம்பிவிட்டாள். நடுவர் அட்டையைக் காட்டினார். அவ்வளவுதான், பந்தயம் அவளுக்கு முடிந்தது.

அவளுடைய ஆசிரியர் கெட்ட மனிதர் இல்லை. சொந்தக் காசில் பிள்ளைகளுக்கு ஸ்பைக்ஸ் என்ற ஆணி வைத்த ஓட்டக் காலணி வாங்கித் தருபவர். ஆனால் அன்று எல்லோர் முன்னிலையிலும், "மூன்று மாத உழைப்பை ஒரு நொடியில் தொலைத்துவிட்டாயே" என்று கத்தினார். சிறுமி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அடுத்த பந்தயம் தொடங்கியது. இருபது நிமிடம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. நானும் போகவில்லை. என் பள்ளிப் பிள்ளைகளின் எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இருபது நிமிடத்துக்காகத்தான், ஓடும் பிள்ளைகளின் மனநலத்துக்காகத்தான் இந்த மடல்.

தவறான தொடக்கத்துக்கு முதல் முறையே வெளியேற்றம் என்ற விதி உலகத் தடகளத்தில் 2010 முதல் இருக்கிறது. ஒலி எழுந்து 0.1 விநாடி ஆவதற்குள் காலை அழுத்தினாலும் தவறுதான். கேட்டு ஓடவில்லை, எதிர்பார்த்து ஓடினாய் என்றே கொள்வார்கள். 2011-இல் தென் கொரியாவின் தேகு நகரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில், 100 மீட்டர் இறுதிச் சுற்றில் உசைன் போல்ட் இப்படித்தான் வெளியேறினார். இரண்டே ஆண்டுக்கு முன் பெர்லினில் 9.58 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்த அதே போல்ட். ஆறு நாள் கழித்து, அதே தேகுவில் 200 மீட்டர் ஓடித் தங்கம் வென்றார். அந்த ஆறு நாளில் அவர் அருகில் யார் இருந்தார்கள், என்ன பேசினார்கள் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. நம் சிறுமிக்கு அருகில் இருந்தது தண்ணீர்த் தொட்டி.

என் கதையையும் சொல்லியாக வேண்டும். நான் ஓடப் பழகியது கண்மாயில். எங்கள் ஊர் ஆத்தங்குடிக்குப் பக்கம். பங்குனியில் கண்மாய் வற்றும்போது, சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடிப்பதற்கு முன், ஒரு பத்துப் பதினைந்து நாள் தரை இறுகிக் கிடக்கும். மிதித்தால் திருப்பித் தள்ளும். பின்னாளில் எத்தனையோ செயற்கை இழைத் தடங்களில் ஓடியிருக்கிறேன். அந்தப் பத்து நாள் தரையின் துள்ளலை அவற்றிலும் தேடியிருக்கிறேன். கரையோரத்துச் சீமைக்கருவேல முள் இரண்டு முறை பாதத்தில் ஏறியது. அப்பாவுக்கு, ஆத்தங்குடிக் கல் என்ற பூப்போட்ட தரைக்கல் செய்யும் பட்டறையில் வேலை. அவருடைய கைவிரல் இடுக்குகளில் எப்போதும் சிமெண்டுச் சாயம் இருக்கும்.

பதின்மூன்று வயதில் தொலைவான ஊரில் ஒரு விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தது. பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்புவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. பர்மாவிலும் மலாயாவிலும் இருந்த வட்டிக்கடைகளுக்குப் பெட்டியடிப் பையன்களாகக் கப்பலேறிய சிறுவர்களின் ஊர்கள் இவை. அவர்கள் ஈட்டியது பேரேட்டில் பைசா பிசகாமல் இருக்கும்; ஐந்தொகை என்ற நிலுவைக் கணக்கு தப்பாமல் ஊர் வந்து சேர்ந்திருக்கும். அந்தப் பையன் முதல் மாதம் எத்தனை இரவு தூங்காமல் கிடந்தான் என்பதற்குப் பேரேட்டில் பத்தி கிடையாது.

எனக்கும் ஒரு பேரேடு இருந்தது. பயிற்றுநர் கொடுத்த நீல அட்டை நோட்டு. முதல் பக்கத்தில் அப்பா பிள்ளையார் சுழி போட்டுத் தந்தார். தேதி, தூரம், நேரம். 13.4. 12.9. 12.6. ஆறு ஆண்டுகளில் மூன்று நோட்டு நிரம்பியது. நான் பூப்பெய்திய மாதம் அதில் இருக்கிறது; நேரம் 0.3 விநாடி மோசமானதாகத்தான் இருக்கிறது. அப்பத்தா இறந்த வாரமும் இருக்கிறது, வெறும் மூன்று நாள் இடைவெளியாக.

பத்தொன்பதாம் வயதில் 100 மீட்டரில் 11.74. தேசியப் போட்டியின் இறுதிச் சுற்றில் என் பெயர் வந்தது. ஊரில் பஸ் நிறுத்தத்தில் பிளெக்ஸ் வைத்தார்கள். கோயிலில் மாலை மரியாதை செய்தார்கள். நான் மனம் குளிர்ந்து நின்றேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அன்றிரவு படுத்தபோது முதல் முறையாக ஒரு கேள்வி வந்தது: அடுத்த முறை 11.9 ஓடினால் இந்தப் பேனரை என்ன செய்வார்கள்?

ஆண்டுக்கு இருபது பந்தயம் ஓடும் 100 மீட்டர்க்காரி, பந்தயத்துக்கு 12 விநாடி என்று வைத்துக்கொண்டால், ஓராண்டில் மொத்தம் நான்கு நிமிடம் ஓடுகிறாள். நாம் ஸ்டாப்வாட்ச் பிடிப்பது அந்த நான்கு நிமிடத்துக்கு. மீதி ஆண்டு முழுவதும் அவள் காத்திருக்கிறாள், அஞ்சுகிறாள், பசியை அடக்குகிறாள், எடை பார்க்கிறாள், யாருடைய காதல் கடிதத்தையோ கிழித்துப் போடுகிறாள், தேர்வுக்குப் படிக்காமல் விட்டதை நினைத்துக் கலங்குகிறாள்.

பெரிய போட்டிகளில் பந்தயத்துக்கு முன் ஓடுபவர்கள் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைப்பார்கள். மார்பு எண்ணைச் சரிபார்ப்பார்கள், ஸ்பைக்ஸ் ஆணியைப் பார்ப்பார்கள். பிறகு வேலை எதுவும் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. ஒருத்தி தொடையைத் தட்டிக்கொண்டே இருப்பாள். ஒருத்தி கண்ணை மூடி முணுமுணுப்பாள். எனக்கு உள்ளங்கை வியர்த்து, வாய் உலர்ந்துவிடும். நான் ஆத்தங்குடித் தரையின் கட்டங்களை மனத்தில் எண்ணுவேன்: சிவப்பு, மஞ்சள், கறுப்பு. யாரும் சொல்லித் தந்த வழி இல்லை. தண்ணீரில் விழுந்தவள் கையில் அகப்பட்டதைப் பிடித்ததுபோல் நானே பிடித்துக்கொண்டது. அந்த அறைக்கு நம் பிள்ளைகளை யார் தயார் செய்கிறோம்? ஓட்டம் தொடங்கக் கால் ஊன்றும் பிளாக்கில் காலை எந்தக் கோணத்தில் வைக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் சொல்லித் தருகிறோம்.

மனத்தைப் பற்றிப் பேசினால் நேரம் குறையாது என்று சொல்பவர்களுக்கு ஓட்டத்தின் கணக்கையே காட்டுகிறேன். 100 மீட்டரில் உச்ச வேகம் 50 முதல் 70 மீட்டருக்குள் வந்துவிடுகிறது. அதன்பின் வேகத்தைக் கூட்டுபவர் உலகத்தில் எவரும் இல்லை. போல்ட்டும் குறையத்தான் செய்தார். யாருடைய வேகம் மெதுவாகக் குறைகிறதோ அவர் மற்றவர்களைத் தாண்டி முன்னேறுவதுபோல் தெரிகிறது. மெதுவாகக் குறைய வேண்டுமானால் தாடை தளர வேண்டும், தோள் இறங்க வேண்டும், விரல் மடங்காமல் இருக்க வேண்டும். பக்கத்துத் தடத்தில் ஒரு நிழல் தெரிந்ததும் பயந்த பிள்ளை பல்லைக் கடிக்கிறாள். கழுத்து நரம்பு புடைக்கிறது. அங்கேயே போய்விட்டது பந்தயம். "இன்னும் முயற்சி செய், இன்னும் முயற்சி செய்" என்று கோட்டருகில் நின்று நாம் கத்துவது அவளை மேலும் இறுக்குகிறது. அச்சம் நேராகக் காலுக்குத்தான் வருகிறது, ஐயா.

நான் 11.74 ஓடியதற்கு அடுத்த ஆண்டு மே மாதம், ஒரு பந்தயத்தில் 70 மீட்டர் தாண்டியதும் வலது தொடையின் பின்னால் நார் கிழியும் சத்தம் கேட்டது. வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. ஆறு வாரத்தில் மறுபடி ஓடச் சொன்னார்கள், நானும் அவசரப்பட்டேன், மறுபடி கிழிந்தது. ஹேம்ஸ்ட்ரிங் என்ற பின்தொடைத் தசையின் காயம் முழுவதும் ஆறாமல் ஓடினால் திரும்ப வரும் என்று இன்று மாணவிகளுக்குச் சொல்கிறேன். அன்று என் அப்பாவுக்குத்தான் அது புரிந்திருந்தது. ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியின் மேல் சாயக்குழம்பை ஊற்றி, சிமெண்டு கலவை இட்டு, எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவைக்கிறார்கள். தொட்டியில் கிடக்கும் நாளைக் குறைத்தால் கல்லில் கீறல் விடும். "தொட்டியில் கிடக்கும் நாளும் வேலை நாள்தான் அம்மா" என்றார் அப்பா. நான் கேட்கவில்லை.

விடுதியில் என் கட்டிலை வேறு பெண்ணுக்குக் கொடுத்தார்கள். எந்த விடுதி என்று எழுதப்போவதில்லை. ஓட முடியாதவளை வைத்துக்கொள்ள அவர்களிடம் விதி இல்லை, அவ்வளவுதான். ஊருக்கு வந்தேன். பஸ் நிறுத்தத்தில் பேனர் வெளுத்து, என் முகத்தில் பாதி கிழிந்து தொங்கியது. பால் வாங்கப் போனால், "எப்போது ஓடப் போகிறாய்?" கோயிலுக்குப் போனால், "எப்போது ஓடப் போகிறாய்?" கேட்டவர்கள் அனைவரும் என் மேல் பிரியம் உள்ளவர்கள். நான் வெளியே போவதை நிறுத்தினேன். இரவு மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு நோட்டுகளைப் புரட்டுவேன். இருட்டிய பிறகும் கண்மாய்க் கரையில் தனியே உட்கார்ந்திருப்பேன். அப்போது என் மனத்தில் வந்து போன எண்ணங்களை இப்போது நினைத்தாலும் உடல் நடுங்குகிறது.

என்னை மீட்டது ஒரு தற்செயல். காலுக்குச் சிகிச்சைக்குப் போன அரசு மருத்துவமனையில், பிசியோதெரபி செய்த பெண்மணி காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "தசை ஆறிவிட்டது. நீ ஏன் இன்னும் நொண்டுகிறாய்?" என்று கேட்டார். பதிலுக்கு அழுகைதான் வந்தது. அவரே கைப்பிடித்து மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனார். பதினோரு முறை போனேன். மருத்துவர் முதல் நாள் கேட்ட கேள்விகளில் ஓட்டம் இல்லை. எத்தனை மணி நேரம் தூங்குகிறாய், என்ன சாப்பிட்டாய், கடைசியாக எப்போது சிரித்தாய். ஆறு ஆண்டுகளில் முதல் முறையாக ஒருவர் என்னிடம் நேரத்தைத் தவிர வேறொன்றைக் கேட்டார். நான் திரும்பவும் ஓடினேன். 11.74-ஐ மறுபடி தொடவில்லை. அதற்காக வருந்திய காலமும் முடிந்துவிட்டது.

இது என் ஒருத்தியின் கதை என்றால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். நமக்குப் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டம், கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். ஒரு பெண்ணின் உடலை உலகமே கூடிப் பேசியது. அவள் இனி எப்படி உறங்குவாள் என்று கேட்டவர்கள் மிகச் சிலர். அவர் உயிரையே விடத் துணிந்த நாளும் வந்தது. அந்த இருட்டிலிருந்து எழுந்துவந்து பயிற்றுநராகிப் பிள்ளைகளை ஓடவைத்தார். அவருக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

திருச்சியின் தனலட்சுமி சேகர் 2021 டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தொடர் ஓட்ட அணியோடு சென்றிருந்தபோது, ஊரில் அவருடைய சகோதரி இறந்தார். ஓட்டம் கெட்டுவிடக் கூடாது என்று குடும்பம் செய்தியை மறைத்தது. ஊர் திரும்பிய பிறகே அவருக்குத் தெரிந்தது. அவர் கதறி அழுததை நாடே பார்த்தது. மறைத்தவர்கள் அன்பால்தான் மறைத்தார்கள் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் ஒரு வீராங்கனையின் துக்கத்தையும் பந்தய அட்டவணை தீர்மானிக்கும் நிலைக்கு எல்லோருமாகச் சேர்ந்து அந்தக் குடும்பத்தைத் தள்ளியிருக்கிறோம். எனக்கு அது பொறுக்கவில்லை.

பி.டி. உஷா 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 55.42 விநாடியில் நான்காவதாக வந்தார். வெண்கலம் நூறில் ஒரு பங்கு விநாடியில் நழுவியது. அதே 55.42-ஐ 2023-இல் ஹாங்சூ ஆசிய விளையாட்டின் தகுதிச் சுற்றில் கோயம்புத்தூரின் வித்யா ராம்ராஜ் ஓடித் தேசியச் சாதனையைச் சமன் செய்தார். 39 ஆண்டுகள் நின்ற எண். அந்த எண்ணை நம்மில் பலர் மனப்பாடமாகச் சொல்வோம். நான்காவது இடத்தோடு ஊர் திரும்பிய இருபது வயதுப் பெண் அந்த வீட்டில் எப்படி நாளைக் கழித்தாள் என்பதை எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை விநாடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு வித்தியாசத்தில் வென்ற அமெரிக்க ஓட்டக்காரர் நோவா லைல்ஸ், தனக்கு மனச்சோர்வும் பதற்றமும் ஆஸ்துமாவும் உண்டு என்று வென்ற கையோடு உலகுக்குச் சொன்னார். இதைப் பற்றிப் பேசினால் பிள்ளை பலவீனமாகிவிடும் என்று இன்னும் நம்புகிறவர்கள் அந்தப் பந்தயத்தை ஒரு முறை பாருங்கள். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியும் 2019-இல் வீரர்களின் மனநலம் குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டு, உடல்நலத்திலிருந்து அதைப் பிரிக்க முடியாது என்று சொல்லியிருக்கிறது. நமக்கு அறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. பிள்ளைகளின் பயிற்சி நோட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு கிழித்து இன்னொரு பத்தி சேருங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாள், சாப்பிட்டாளா, இன்று மனம் எப்படி இருக்கிறது. ஒரு சொல் போதும். மாதவிடாய் நாளையும் அவள் அச்சமில்லாமல் அங்கே குறிக்க முடிய வேண்டும். ஆண் ஆசிரியராக இருந்தால் ஒரு பெண் ஆசிரியையின் துணையோடு இதைச் செய்யுங்கள். அந்தப் பத்தியை மற்றவர் முன் படிக்காதீர்கள், அதை வைத்து அணியிலிருந்து நீக்காதீர்கள். ஒரு முறை நீக்கினால் மறு வாரத்திலிருந்து எல்லாப் பிள்ளையும் "நன்றாக இருக்கிறது" என்றே எழுதுவார்கள்.

காயம்பட்ட பிள்ளையை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். வழக்கமான நேரத்துக்கே மைதானத்துக்கு வரட்டும். ஸ்டாப்வாட்சை அவள் கையில் கொடுங்கள், சிறியவர்களுக்குப் பிளாக் போடச் சொல்லுங்கள். கூட்டத்திலிருந்து பிரிவதுதான் காயத்தைவிட அதிகம் வலிக்கிறது.

மூன்று இரவு சேர்ந்தாற்போல் தூங்காத பிள்ளை, திடீரென்று யாரோடும் பேசாத பிள்ளை, 'நான் இருந்து என்ன' என்று சொல்கிற பிள்ளை உங்கள் அறிவுரைக்கு அப்பாற்பட்டவள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மனஸ், அதாவது அரசின் மனநல உதவித் தொலைபேசி எண் எந்த நேரமும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். இந்த எண்ணை விளையாட்டுப் பொருள் அறைக் கதவில் எழுதி வையுங்கள். இரண்டு நிமிட வேலை.

பரிசு கொடுக்கும் பெரியவர்களுக்கும் இந்த இடத்தில் ஒரு சொல். மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வருவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வள்ளல் அழகப்பர் கொடுத்த மண் இது. 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். இதே ஊரில் உடற்கல்வியியல் கல்லூரியும் இருக்கிறது. வென்ற பிள்ளைக்கு வைக்கும் பேனர் செலவைச் சேர்த்தாலே வாரத்தில் ஒரு நாள் ஒரு மனநல ஆலோசகரை வட்டாரத்துக்கு வரவழைக்க முடியும் என்று நம்புகிறேன். பேனர் வேண்டாம். உறுதியாகச் சொல்கிறேன், வேண்டவே வேண்டாம். வென்றவளின் பெற்றோருக்கு ஒரு வேட்டியும் சேலையும் கொடுங்கள், வந்து கையைப் பிடித்துப் பேசுங்கள். அவள் காயம்பட்டுக் கிடக்கும் மாதத்திலும் அதே வீட்டுக்கு ஒரு முறை வாருங்கள்.

அந்தச் சிறுமியிடம் கடைசியில் போனேன். தொட்டியின் பின்னால் மண்ணில் குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். "எனக்கு உண்மையாகவே சத்தம் கேட்டது டீச்சர்" என்றாள். "கேட்டது, யாரோ கை தட்டினார்கள், நானும் கேட்டேன்" என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். போல்ட்டின் தேகு கதையைச் சொன்னேன். பிறகு அவர் என்ன செய்தார் என்று கேட்டாள். 200 மீட்டர் ஓடினார் என்றதும் குச்சியைப் போட்டுவிட்டுக் காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தாள். அவள் பெயர் 200 மீட்டர்ப் பட்டியலிலும் இருந்தது. மேசையருகில் போய்ப் பார்த்தோம். பெயரை ஏற்கெனவே அடித்து நீக்கியிருந்தார்கள்.

இப்போது அவள் ஞாயிறுதோறும் எங்கள் கண்மாய்க் கரைக்கு வருகிறாள். இன்னும் ஆறு பிள்ளைகள் வருகிறார்கள். காலை ஆறு மணிக்கு ஓட்டம். ஏழரைக்குக் கரையிலுள்ள ஆலமரத்தடியில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேச்சு, அதில் ஓட்டத்தைப் பற்றி யாரும் எதுவும் கேட்பதில்லை. சென்ற வாரம் அவளுடைய ஆசிரியரும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஐப்பசி மழை பிடித்துக் கண்மாய் நிறைவதற்கு முன் நீங்களும் ஒரு ஞாயிறு வாருங்கள். உங்கள் பிள்ளைகளையும், அவர்களுடைய நோட்டுகளையும் கூட்டி வாருங்கள். அடிக்கோலும் பென்சிலும் என்னிடம் இருக்கின்றன, புதுப் பத்திக்கான கோட்டை அங்கேயே கிழித்துவிடலாம்.

அன்புடன்,
ஆத்தங்குடிப் பக்கத்து உடற்கல்வி ஆசிரியை ஒருத்தி